சம்பந்தி வீட்டு வாசலில் ஒரு சீனி முட்டை

டத்தோ கிராமாட், பினாங்கு.
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி பிச்சைமுத்து அவர்களுக்கு, உங்கள் வீட்டுக்கு மருமகளாக வருவாளா மாட்டாளா என்று இன்னும் முடிவாகாத தனுஜாவின் அப்பா சவரிமுத்து எழுதிக்கொள்வது. இங்கே ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் சோறு தின்று, தூங்கி எழுந்துகொண்டுதான் இருக்கிறோம். அங்கே நீங்களும், சம்பந்தி அம்மா ஜெயலெட்சுமியும், மாப்பிள்ளை கோகுலனும், உங்கள் வாசல் கேட்டும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கேட்டைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதைத்தான் எழுத வந்தேன்.

சம்பந்தி என்று எழுதலாமா கூடாதா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பரிசத்தைத் தள்ளி வைக்கிறோம் என்று நீங்கள் ஒரே வரியில் மெசேஜ் அனுப்பினீர்கள். தள்ளி வைத்தால் சம்பந்தி என்ற சொல்லும் தள்ளிப்போகுமா, இல்லை அது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்குமா என்று கேட்கலாம் என்றால், நீங்கள் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் உங்கள் முகம் போய் ஒரு சாம்பல் நிற வட்டம் வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி பிலோமினா, "பாவம், சம்பந்திக்கு ஒடம்பு சரியில்ல போல, முகமே வெளுத்துப் போச்சு" என்றாள். அது ப்ளாக் என்று தனுஜாதான் விளக்கினாள். ஆகவேதான் கடிதம். தபால்காரரை யாரும் ப்ளாக் செய்ய முடியாது. இந்தக் கை எழுதிப் பழகாத கை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டபிறகு பஸ் ஸ்டீயரிங் பிடித்ததோடு சரி. எழுத்து வளைந்து வளைந்து போனால் ஆயர் ஈத்தாம் மலை ரோட்டை நினைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

நடந்தது இதுதான். ஈஸ்டருக்கு முன்னால் ஒரு நாள் தனுஜா பேக்டரி வேலை முடிந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "ப்பா, மொத ஈஸ்டர். அத்தை வீட்டுக்கு வெறுங்கையோட போக முடியுமா? முட்டை கொடுக்கணும்."

"கொடு. பசார்ல ஒரு தட்டு வாங்கிட்டு வரேன்."

"அத்தை பங்குனி உத்திர விரதம்பா. நேத்திக்கடன் முடியிற வரைக்கும் சைவம். கோழி முட்டை ஆகாது. சாக்லேட் முட்டையும் வேணாம், உள்ள என்னா போட்டிருப்பானுங்களோ தெரியாது. சீனில செய்யலாம். முட்டையே இல்லாத முட்டை."

"முட்டை இல்லன்னா அது என்னா முட்டைலா?"

"டெகரேஷன் முட்டைப்பா. உள்ள காலியா இருக்கும். ஒரு பக்கம் ஜன்னல் வச்சு, உள்ள பொம்மை வச்சு அலங்காரம் பண்ணுவாங்க. வெள்ளக்காரன் வீட்டுல எல்லாம் செய்வாங்க."

அடுப்படியிலிருந்து பிலோமினா சொன்னாள்: "மனுசன் இருக்கிற வீட்டுலயே ஜன்னல் சரியா மூட மாட்டேங்குது. மழை பேஞ்சா கட்டில் நனையுது. இதுல முட்டைக்கு ஜன்னலா?"

கவனித்தீர்களா சம்பந்தி? உங்கள் வீட்டு விரதத்தை மதித்து, எந்தக் கோழிக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல், முட்டையை முட்டை இல்லாமல் செய்யக் கிளம்பிய குடும்பம் இது. இதை ஒரு மூலையில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

சீனி முட்டைக்கு அச்சு வேண்டும். தனுஜா ஆன்லைனில் ஆர்டர் செய்தாள். அது எந்த நாட்டில் கிளம்பியதோ, இதை எழுதும் இந்த நிமிடம்வரை வந்துகொண்டே இருக்கிறது. அச்சு வராததால் குழிக்கரண்டிதான் அச்சு என்று பிலோமினா தீர்ப்பு சொன்னாள். எங்கள் வீட்டில் குழிக்கரண்டி இரண்டு. சாம்பார் கரண்டி பெரியது, ரசக் கரண்டி சின்னது. ஆகவே முட்டையின் கீழ்ப்பாதி சாம்பார் அளவு, மேல்பாதி ரச அளவு. சேர்த்து வைத்துப் பார்த்தால் தொப்பி போட்ட ஆள் மாதிரி இருந்தது. "உலகத்துல எல்லா முட்டையும் ஒரே மாதிரியா இருக்கு?" என்று பிலோமினா கேட்டாள். எனக்குத் தெரிந்து அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம், இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தண்ணீர் குடிப்பது. குடித்தேன்.

சீனியில் துளித் தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். கையில் பிடித்தால் கடற்கரை ஈர மணல் மாதிரி பிடியாக நிற்க வேண்டும். அதைக் கரண்டியில் அழுத்தி, தட்டில் கவிழ்த்து, காய விட வேண்டும். இவ்வளவுதான். வெள்ளைக்காரன் ஊரில் இது காயும். பினாங்கில், உங்களுக்குத் தெரியாததா, துவைத்த சட்டையே கொடியில் கிடந்து யோசித்து யோசித்துத்தான் காய்கிறது. ஃபேனுக்குக் கீழே தட்டை வைத்தோம். சாயங்காலம் இடி மழை பிடித்தது. கரண்டி வடிவத்தில் கவிழ்த்தது காலையில் தோசை வடிவத்தில் படுத்திருந்தது. இரண்டாவது தடவை பிலோமினா ஓவனில் வைத்தாள். அது முட்டையாக உள்ளே போய்ப் பாகாக வெளியே வந்தது. அந்தத் தட்டை இன்னும் கழுவ முடியவில்லை. வேண்டுமானால் சாட்சிக்குக் கொண்டு வருகிறேன்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சீன அம்மா ஞாபகம் வந்தாள். நான் பஸ் ஓட்டும்போது, கடைசி ஸ்டாப்பில் ஒரு சீன அம்மா ஏறுவாள். கையில் ஒரு தட்டு நிறைய இறால். ஏறியதும் என்னைக் கேட்காமல் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். கண்ணாடி வழியாக அடிக்கிற வெயிலில் கொம்தார் போவதற்குள் பாதி காய்ந்துவிடும். பஸ் முழுக்க பிளாச்சான் அரைத்த மாதிரி இறால் வாடை. ஆபீசில் புகார் போய் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "பயணி லக்கேஜ் சார்" என்றேன். அவள் ரிட்டயர் ஆகிற வரைக்கும், அதாவது நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும், வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் அவள் தட்டு. வருஷா வருஷம் சீனப் பெருநாளுக்கு எனக்கு ஒரு டப்பா இறாலும் வரும். சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். சீனியைக் காய வைக்க எங்கள் காடியின் டேஷ்போர்டைவிட நல்ல இடம் கிடையாது என்று எனக்குப் பட்டது. எங்கள் காடியில் ஏர்கோன் போய் நாளாகிறது. வெயிலில் நிறுத்தினால் உள்ளே அப்பளம் பொரியும். இரண்டு பாதியையும் டேஷ்போர்டில் வைத்து, கண்ணாடியை ஏற்றி, பிளாட் கீழே நிறுத்தினேன். மத்தியானத்துக்குள் கல் மாதிரி காய்ந்துவிட்டது. தட்டினால் டொக்கென்று சத்தம். என் வாழ்க்கையில் பிலோமினா என்னை மெச்சிய இரண்டாவது சந்தர்ப்பம் அது. முதலாவதை இன்னும் அவள் சொல்லவில்லை.

ஆனால் காடியில் சீனி இருக்கிற செய்தி எறும்புகளுக்குப் போய்விட்டது. எங்கிருந்து எப்படி வந்தன என்று கேட்காதீர்கள். பிலோமினா உடனே மஞ்சள் தூளை எடுத்து வந்து, சீனியைச் சுற்றி டேஷ்போர்டிலேயே ஒரு வட்டம் போட்டாள். மஞ்சளைத் தாண்டி எறும்பு வராது. இது உங்கள் வீட்டிலும் தெரிந்த விஷயம்தான், சம்பந்தி அம்மாவைக் கேளுங்கள். வட்டத்துக்கு நடுவில் வெள்ளையாக இரண்டு உருண்டை. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பார்க்கிங் சம்மன் எழுதுகிற தம்பி ஒருவன் வந்தான், கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான், எழுதின சம்மனைப் பையில் போட்டுக்கொண்டு, காடியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விட்டான். மஞ்சளுக்கு இப்படி ஒரு சக்தியா என்று நான் சந்தோஷப்பட்டேன். மடையன்.

அடுத்தது குடைகிற வேலை. மேலே காய்ந்து உள்ளே லேசாக ஈரம் இருக்கும்போதே, ஸ்பூனால் சுரண்டிச் சுரண்டிக் காலி செய்ய வேண்டும். "மெதுவாப்பா, பூ மாதிரி" என்றாள் தனுஜா. பஸ்ஸில் கியர் மாற்றிய கைக்குப் பூ எங்கே தெரியும்? ஸ்பூன் அந்தப் பக்கமாக வெளியே வந்துவிட்டது. கொஞ்ச நேரம் மூன்று பேரும் அந்த ஓட்டையைப் பார்த்தோம். பிறகு தனுஜா, "இதுதான் ஜன்னல்" என்றாள். என் மகள் அப்படி. வீட்டுக்கு வருகிறவளின் குணம் உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன். அடுத்தவர் போட்ட ஓட்டையை ஜன்னல் என்று சொல்லுகிற மருமகள் எத்தனை வீட்டுக்குக் கிடைக்கும்?

உள்ளே வைக்க கேக் கடையில் பொண்ணு மாப்பிள்ளை பொம்மை வாங்கினோம். பொண்ணு ஒழுங்காக நின்றாள். மாப்பிள்ளை நிற்கவில்லை. நிற்க வைக்கப் போய் ஒரு கை உடைந்தது. பிலோமினா தையல் பெட்டியிலிருந்து குண்டூசி எடுத்து, மாப்பிள்ளையின் முதுகில் ஒன்று, இடுப்பில் ஒன்று குத்தி முட்டைத் தரையோடு நிறுத்தினாள். இப்போது நன்றாக நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சிரித்த முகம்.

இரண்டு பாதியையும் ஒட்டுவதற்குச் சீனித்தூளில் எலுமிச்சம்பழச் சாறு விட்டுக் குழைக்க வேண்டும். ஒட்டினோம். மேலே ரோஸ் நிறத்தில் பூ போட்டு, "தனுஜா, கோகுலன்" என்று எழுதலாம் என்று அவள் ஆசைப்பட்டாள். சிவப்புச் சாய பாட்டில் சாய்ந்துவிட்டது. ரோஸ் வரவில்லை, ரத்தம் வந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது. பெயர் போய், பூ போய், ஒரு சிவப்புத் தீற்றல் மட்டும் நின்றது. சாம்பாரும் ரசமும் சேருகிற இடத்தை மறைக்க ரிப்பன் தேடினோம், கிடைக்கவில்லை. சர்ச்சில் ஈஸ்டர் தோரணம் கட்டி மிஞ்சிய மஞ்சள் நூல் இருந்தது. அதைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

ஆக மொத்தம், சம்பந்தி, ஒரு வெள்ளை முட்டை, அதில் சிவப்பு, அதைச் சுற்றி மஞ்சள் நூல், உள்ளே உங்கள் மகனும் என் மகளும், உங்கள் மகன் மேல் குண்டூசி. நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்று கை தட்டினோம். எவ்வளவு அழகு என்றாள் பிலோமினா. நானும் அழகு என்றேன். சத்தியமாக எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்ததும் பாலத்தில் ஏறி சிம்பாங் அம்பாட் வந்தோம். முன்கூட்டிச் சொன்னால் சர்ப்ரைஸ் போய்விடும் என்று தனுஜா சொல்லவில்லை. அதே நேரத்தில் நீங்கள் நேர்த்திக்கடன் செலுத்த தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குக் கிளம்பி எங்கள் பக்கம் வந்திருக்கிறீர்கள். பாலத்தில் எங்கேயோ இரண்டு காடியும் எதிரெதிரே கடந்திருக்கும், கை காட்டியிருக்கலாம். உங்கள் தாமானில் எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது, எங்களுக்குக் கிடைக்காத அந்த அச்சு அங்கேதான் போயிருக்கிறது போலும். உங்கள் வீட்டுக்கு நான் ஒரு தடவைதான் வந்திருக்கிறேன், அதுவும் மழையில். "ப்பா, நம்பர் என்னா, கோகுலன கேக்கவா?" என்றாள் தனுஜா. "முப்பது வருசம் பஸ் ஓட்டுனவன்கிட்ட நம்பர் கேக்கிறியா? ஒரு தடவை போன வாசல நான் மறக்க மாட்டேன். காகிதப்பூ தொட்டி இருக்கிற வீடு" என்று நேராகக் கொண்டுபோய் நிறுத்தினேன். கூப்பிட்டோம். ஆள் இல்லை. முட்டையைக் கேட் தூண் மேல் வைத்தோம். எறும்பு வருமே என்று பிலோமினா கைப்பையில் கொண்டு வந்த மஞ்சள் தூளை எடுத்துச் சுற்றிலும் ஒரு வட்டம் போட்டாள். சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

அன்று சாயங்காலம் நீங்களே போன் செய்தீர்கள். அந்தப் பேச்சை நான் வரிக்கு வரி எழுதுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

"சம்பந்தி, நீங்க இன்னிக்கு எங்க வீட்டுப் பக்கம் வந்தீங்களா?" என்று கேட்டீர்கள். குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

"வந்தோம் சம்பந்தி. ஆள் இல்ல. வாசல்லயே வச்சிட்டு வந்துட்டோம். பாத்தீங்களா?"

"அந்த முட்டை... நீங்கதான் வச்சீங்களா?"

"நாங்கதான். மூணு பேரும் சேந்து செஞ்சது. தனுஜா கண்ணு முழிச்சு செஞ்சா."

"எதுக்கு சம்பந்தி?"

"எதுக்குன்னா? உங்க குடும்பத்துக்குத்தான்லா. உள்ள பாத்தீங்களா, கோகுலன வச்சிருக்கோம்."

நீங்கள் பேசவில்லை. சரி, பொம்மையைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நானே விளக்கினேன்: "கை ஒன்னு ஒடஞ்சு போச்சு, மன்னிச்சிக்கங்க. ஆனா ஊசி குத்தி நிறுத்திட்டோம். இனிமே அசைய மாட்டாரு."

டொம் என்று ஒரு சத்தம். அதோடு லைன் போய்விட்டது. பிலோமினா, "என்னா சொன்னாரு?" என்றாள். "சந்தோசத்துல போன் கைய விட்டு நழுவிருச்சு" என்றேன்.

பிறகு நடந்ததெல்லாம் மாப்பிள்ளை தனுஜாவிடம் சொல்லி, தனுஜா அழுதுகொண்டே எங்களிடம் சொன்னது. நீங்கள் கோவிலிலிருந்து வந்தீர்களாம். வாசலில் முட்டை இருந்ததாம். மேலே குங்குமமாம், பக்கத்தில் மஞ்சளாம், ஒரு எலுமிச்சம்பழமாம். சம்பந்தி அம்மா காடியை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார்களாம். பூசாரியைக் கூப்பிட்டு வந்தீர்களாம். அவர் குச்சியால் தள்ளியதும் அது உடைந்து ஒழுகி, நாற்றம் அடித்ததாம். வாரி எடுத்து ஆற்றில் விட்டாராம். விட்டுவிட்டு, "இது தண்ணி தாண்டி வந்தது. சொந்தமாகப் போறவங்க வச்சது" என்றாராம்.

சம்பந்தி, உங்கள் பூசாரி பெரிய ஞானி. தண்ணீர் தாண்டி வந்ததாம். பினாங்கு தீவு என்பது அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. இந்த ஊரிலிருந்து அந்தப் பக்கம் வருகிற எது தண்ணீர் தாண்டாமல் வரும்? பெர்ரி தண்ணீர் தாண்டித்தான் வருகிறது, அதையும் ஆற்றில் விடச் சொல்லுங்கள். சொந்தமாகப் போகிறவர்கள் வைத்ததாம். அதைத்தான் நானே உங்களிடம் போனில் சொன்னேனே, அதற்குக் குச்சியும் பூசாரியும் எதற்கு?

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். குங்குமம் இல்லை, அது சாயம். மஞ்சள், எறும்புக்கு. ஒழுகியது என்றால் சீனி ஒழுகத்தான் செய்யும், வெயிலிலும் மழையிலும் கிடந்தால் நீங்களும் நானுமே ஒழுகுவோம். நாற்றம் அடித்தது என்கிறீர்கள். சீனி நாறி இந்த உலகத்தில் யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா? மூக்கை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். எலுமிச்சம்பழம்தான் எனக்கும் பிடிபடவில்லை. சாறு பிழிய வாங்கியதில் ஒன்று பிலோமினாவின் கைப்பையிலிருந்து விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவள் இல்லை என்கிறாள். அவள் பையில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கே தெரியாது, ஒரு தடவை அதில் எங்கள் டிவி ரிமோட் இருந்தது. எனக்கு வருத்தம் எதில் தெரியுமா? அந்த ஜன்னலை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. குனிந்து பார்த்திருந்தால் உள்ளே இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நிற்பது தெரிந்திருக்கும். உங்கள் மகனிடம் கேட்டால், "ஜன்னலா, அப்பிடி ஒன்னும் இல்லையே அங்கிள்" என்கிறான். எவ்வளவு பயந்திருந்தால் கண் முன்னால் இருக்கிற ஓட்டை தெரியாமல் போகும்.

இதுவரைக்கும் சிரித்துச் சிரித்து எழுதிவிட்டேன். இனிமேல் எழுதுவதற்குச் சிரிப்பு வரவில்லை. சித்திரை பிறந்ததும் பரிசம் என்று நாள் குறித்தோம். சேலை எடுத்தாகிவிட்டது, அது கட்டிலில் பேப்பர் பிரிக்காமல் கிடக்கிறது. கோகுலன், "அப்பா சொல்றாரு, கொஞ்ச நாள் பொறுப்போம்லா" என்று சொன்னானாம். நல்ல பையன்தான், அப்பா பேச்சைக் கேட்கிறவன் கெட்டவனா? ஆனால் தனுஜா அன்றைக்கு அடுப்படி வாசலில் நின்று என்னைக் கேட்டாள்: "ப்பா, நான் ஒரு வீட்டு வாசல்ல கெட்டது வைக்கிற ஆளா? அவங்களுக்கு அப்பிடித் தோணுதுல்ல, அதாம்பா." நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். அவளுக்கு ஒரு டீ போட்டுத் தரலாம் என்று சீனி டப்பாவை எடுத்தேன், திறக்காமலே திரும்ப வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டீக்கு யாரும் சீனி போடுவதில்லை. யாரும் சொல்லி வைத்து நிறுத்தவில்லை. டப்பாவைத் திறக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நான் கேட்பது இதுதான். நீங்களும் சம்பந்தி அம்மாவும் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பூசாரியையும் கூட்டி வாருங்கள், குச்சியை மறக்காமல் கொண்டு வரச் சொல்லுங்கள். சாம்பார் கரண்டியையும் ரசக் கரண்டியையும் உங்கள் முன்னால் வைக்கிறேன். பாகு ஒட்டின தட்டைக் காட்டுகிறேன். உங்கள் கண் முன்னாலேயே இன்னொரு முட்டை செய்து, அதை நானே கடித்துத் தின்று காட்டுகிறேன். எனக்கு டாக்டர் சீனி கூடாது என்று சொல்லியிருக்கிறார். பரவாயில்லை, என் மகளுக்காக ஒரு முட்டை. படித்தவர்கள், வெளி உலகம் தெரிந்தவர்கள், இந்தக் காலத்தில் முட்டையைப் பார்த்துப் பயப்படலாமா? நாங்கள் எல்லாம் இந்த மாதிரி விஷயத்தை நம்புகிற ஆட்கள் கிடையாது. எனக்கு அந்தப் பயமே கிடையாது.

உங்கள் வீட்டில் விளக்கு நிறைந்து எரியட்டும். வரப்போகிற பேரப்பிள்ளைகள் உங்கள் சாம்பல் வட்டத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் தங்கள் முகத்தை வைக்கட்டும். சம்பந்தி அம்மாவுக்கு பிலோமினாவின் வணக்கம். கேட்டுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
நீங்கள் சம்மதித்தால் சம்பந்தி, சம்மதிக்காவிட்டாலும் உங்கள் நன்மையை நாடும்
சவரிமுத்து

பின் குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது தனுஜா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மாப்பிள்ளை படம் அனுப்பியிருக்கிறார். உங்கள் பக்கத்து வீட்டு சலேஹா அக்கா இன்றைக்குத்தான் உங்கள் வாசலுக்கு வந்து கேட்டார்களாம்: "கோகுலன், போன வாரம் நாங்க நோன்புப் பெருநாள் ராயா ஓப்பன் ஹவுஸுக்குப் போயிட்டு வரோம், எங்க கேட் தூண் மேல யாரோ அழகா ஒரு சீனி முட்டை வச்சிட்டுப் போயிருக்காங்க. ராயாவுக்கு யாரு கொடுத்ததுன்னு தெரியல. உள்ள ரெண்டு பொம்மை, மாப்பிள்ளை உன்ன மாதிரியே இருக்காரு. உனக்கு வந்ததா?" அவர்கள் கண்ணாடி அலமாரியில், நடுத்தட்டில், எங்கள் முட்டை உட்கார்ந்திருக்கிறது. சாம்பார் பாதி, ரசப் பாதி, மஞ்சள் நூல், ஜன்னல், குண்டூசி, எல்லாம் அப்படியே. ஒரு பக்கம் மட்டும் பேரப்பிள்ளைகள் நக்கியிருக்கிறார்கள். காகிதப்பூ தொட்டி அவர்களுடையதாம், கிளை மட்டும்தான் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறதாம்.

அப்படியானால் சம்பந்தி, உங்கள் வாசலில் இருந்தது எங்களுடையது இல்லை.

மேலே எழுதியது எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டதால் கிழிக்க மனசு வரவில்லை. அது நிஜ முட்டை. நிஜக் குங்குமம். அந்த எலுமிச்சம்பழத்துக்கும் பிலோமினாவின் பைக்கும் சம்பந்தமே கிடையாது, அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் மூக்கும் நல்ல மூக்கு. பூசாரியைப் பற்றி நான் எழுதியதை அவரிடம் சொல்ல வேண்டாம், அவர் சாதாரண ஆள் இல்லை. தண்ணீர் தாண்டி, சொந்தத்தில் என்று சொன்னாரே, நான் யார் பெயரையும் சொல்லவில்லை, ஆனால் சுங்கை பட்டாணியில் உங்களுக்கு ஒரு மச்சான் இருக்கிறார், கல்யாணப் பேச்சில் தன்னைக் கேட்கவில்லை என்று முறைத்துக்கொண்டு போனவர். நடுவில் முடா ஆறு இருக்கிறது. ஆறும் தண்ணீர்தானே.

பூசாரியின் போன் நம்பரை உடனே அனுப்புங்கள். ப்ளாக்கை எடுத்துவிட்டு அனுப்புங்கள். நாங்கள் மூன்று பேரும் வருகிறோம், நீங்கள் மூன்று பேரும் வாருங்கள், எல்லாரும் ஒன்றாகவே மந்திரித்துக்கொள்வோம். பரிசத் தேதியையும் அவர் முன்னாலேயே குறித்துவிடலாம், யார் தடுக்கிறார்கள் என்று பார்ப்போம். தனுஜா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் சீனி டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தாள்.

நாங்கள் வரும்போது வாசலில் எதுவும் வைக்க மாட்டோம், கையில்தான் கொடுப்போம். இந்தக் கடிதத்தையும் வீட்டுக்குள் கொண்டு போகாமல் வெளியே நின்றே படியுங்கள், எதற்கு வம்பு. எங்கள் வாசலில் இப்போது எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்குகிறது. பக்கத்திலேயே பிலோமினா ஒரு சிலுவையும் மாட்டியிருக்கிறாள். எது வேலை செய்தாலும் சரி.